மூன்று மாதத் தவணையும் கிராமத்துக்கு வராத சட்டத்தரணியும்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதியிட்ட இலங்கை அரச வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, சில கிழமைகள் கழித்துப் பென்டில் ஹில் கடைத்தெருவிலும் பேசுபொருளாயிற்று. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரித்துடையோர், மூன்று மாதத்துள் தமது உரித்தைக் காட்டிக் கோரிக்கை சமர்ப்பிக்க வேண்டும். தவறினால் அக்காணிகள் அரச காணிகளாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம். அவற்றுள் 3,600 ஏக்கருக்கு மேற்பட்டவை யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தவை. வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமங்களே இதனாற் பெரிதும் கலங்கின.

மரக்கறிக்கும் மீனுக்கும் எம்மவர் கூடும் இத்தெருவில் ஊர் அரசியல் பேசப்படுவது புதிதன்று. ஆயின் அந்நாட்களில் எமது காதில் விழுந்த கேள்விகள் வேறு வகையானவை. அப்புவின் பெயரிலிருந்த உறுதி யாரிடம் இருக்கிறது? ஊரில் இப்பொழுது யார் எழுதித் தருவார்? அற்றோணித் தத்துவம் இங்கிருந்து அனுப்பினாற் செல்லுமா? காணி தமது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதனைச் சட்டம் ஏற்கும் மொழியில், சட்டம் விதித்த நாளுக்குள், உரிய அலுவலகத்தின் மேசையில் எழுதி வைப்பதற்கு ஓர் ஆள் இல்லை என்பதே கலக்கத்தின் காரணம். காணிப் பத்திரத்துக்கு எமது ஊரிலே 'உறுதி' என்று பெயர். பெயரில் உள்ள உறுதி பொருளில் இல்லாமற் போவது எமது சனங்களுக்குப் பழகிப் போன சங்கதி.

இந்த மூன்று மாதம் என்ற தவணை நேற்று முளைத்ததன்று. கிராமத்துக்கும் சட்டத்தரணிக்கும் இடையில் உள்ள தூரத்தின் கதையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. இவ்விரண்டின் வரலாற்றையும் வாசகர்கள் முன் வைப்பது இவ்வாரம் எமது நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்தாருக்கா சட்டத்தரணிப் பஞ்சம் என்று சிலர் நகைக்கக்கூடும். வேலிக் கதியால் ஒரு சாண் நகர்ந்தாற் கோடேறும் சமூகம் என்று எம்மைப் பிறர் பகிடி பண்ணுவதும், "வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று எமது கிழவர்களே வழக்கைப் பற்றிச் சொல்லி வைத்ததும் உண்மைதான். பிறக்கிராசிமாருக்கும் அப்புக்காத்துமாருக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒருகாலமும் குறைவிருந்ததில்லை. அவர்கள் பட்டினத்திலே இருந்தார்கள் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. நெடுந்தீவிலிருந்து கோட்டுக்கு வருபவர் கடல் கடந்து வரவேண்டும். வன்னியிலே குளத்தங்கரைக் கமக்காரர் மாட்டுவண்டியில் ஒரு நாளும் இரு நாளும் பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தவணைக்கு வந்து, வழக்குப் பின்போடப்பட்டு வெறுங்கையுடன் திரும்பி, அடுத்த தவணைக்குள் விதைப்புக் காலம் வந்துவிட்டால் வழக்கு அத்துடன் சரி. பஞ்சம் என்பது நாட்டில் நெல் இல்லாமையால் மாத்திரம் வருவதன்று. நெல் ஓரிடத்திற் குவிந்து கிடப்பதாலும் வரும்.

ஒல்லாந்தர் காலத்தில் நிலைமை வேறாயிருந்தது. 1706 இல் தேசாதிபதி சைமன்ஸ் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தின் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் எமது நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டு தொடக்கத்திற் சமர்ப்பித்தார். அதுவே தேசவழமை. அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலிமாரிடம் பார்வைக்குக் கொடுக்கப்பட்டு, அவர்கள் சரியென ஒப்பிய பின்னரே சட்டமாகக் கொள்ளப்பட்டது. சீதனம், முதுசம், தேடியதேட்டம், ஒற்றி ஆகிய சொற்கள் யாவும் ஊரார் நாளாந்தம் பேசிய சொற்கள். தமது சட்டம் எதுவென்று அறிவதற்கு ஊரவர் ஒருவர் பட்டினத்துக்குப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. படலையடியிற் கேட்டாலே போதும். அக்காலத்தை நாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அடிமை வைத்திருப்போரின் உரிமைகளையும் அதே தேசவழமை எழுதி வைத்திருந்தது. படலையடியில் நின்று கேட்கவும் வாய்ப்பில்லாதோர் இருந்தனர். எனினும் சட்டத்தின் மொழியும் ஊரின் மொழியும் ஒன்றாயிருந்தன என்பதை மறுக்க முடியாது.

1840 ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றிற்று. ஆங்கிலேய அரசு அவ்வாண்டில் இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 7 ஆம் இலக்கச் சட்டம், காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் நிறைவேற்றப்பட வேண்டும் என்றது. 12 ஆம் இலக்கச் சட்டம், காடாயும் வெறுமையாயும் பயிரிடப்படாதும் கிடக்கும் காணி, மறுதலை நிரூபிக்கப்படும் வரையில் முடிக்குரியதென ஊகிக்கப்படும் என்றது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு உண்மை புலப்படும். ஒன்று காணியுரிமையைக் கடதாசியில் ஏற்றியது; மற்றது கடதாசி இல்லாதவனின் காணியை அரசுக்கு உரியதாகக் கருதியது. அன்று தொடக்கம் எமது கிராமங்களில் எழுதத் தெரிந்தவனே பலவான்.

மூன்று மாதத் தவணை வந்தது இதன் பின்னர். 1897 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டப்படி, குறித்த காணிக்கு மூன்று மாதத்துள் எவரும் உரித்துக் கோராவிடின் அது முடிக்குச் சேரும். 1931 இல் அதன் இடத்தைக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் எடுத்துக்கொண்டது. 2025 ஆம் ஆண்டின் அறிவித்தல் வெளியானது அந்த 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே. ஆட்சி மாறியது, கொடி மாறியது, மொழி மாறியது. ஆனால் மூன்று மாதம் மூன்று மாதமாகவே நின்றது. வர்த்தமானி வெளியாகும் நாளிலிருந்து தவணை ஓடத் தொடங்குகிறது. கிராமத்துக்குச் செய்தி வந்து சேரும் நாளிலிருந்து எவரும் அதைக் கணக்கிடுவதில்லை.

சட்டத்தரணி இல்லாத ஊரில் அவரது இடத்தை யார் நிரப்பினர் என்பது சுவையான கதை. முதன்மையானவர் கிராமத்து நொத்தாரிசு. அக்காலத்தில் நொத்தாரிசு ஆவதற்குப் பிறக்கிராசியாயிருக்க வேண்டுமென்ற விதி இருக்கவில்லை. பரீட்சை எழுதித் தேறி, இன்ன பகுதியில் இன்ன மொழியில் உறுதி எழுதலாம் என்ற அதிகாரப் பத்திரம் பெற்ற ஊர் மனிதரே அவர். வேட்டி கட்டி, மூக்குக் கண்ணாடி போட்டு, திண்ணையிலிருந்து தமிழிலே உறுதி முடித்துக் கொடுத்தார். எல்லையிலுள்ள பனையையும் பூவரசையும் அவரும் அறிவார். குடும்பத்துக்குள் யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அவரிடமும் குறைகள் இருந்தன. ஒரே துண்டு இருவருக்கு எழுதப்பட்ட கதைகளும், தோம்புப் பெயர் மாறிய கதைகளும் எமது ஊர்களில் ஏராளம். ஆயினும் சட்டம் படித்தவர் வராத இடத்துக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவரே.

அவருக்கு அடுத்தவர் பெட்டிசம் எழுதுபவர். கச்சேரி வாசலில் மேசை போட்டவர் ஒரு வகை; ஊரிலே ஓய்வுபெற்ற ஆசிரியரோ தபாலதிபரோ மற்றொரு வகை. "மேன்மை தங்கிய துரையவர்களுக்கு" என்று தொடங்கி, "என்றும் தங்கள் கீழ்ப்படிவுள்ள" என்று முடியும் அக்கடிதங்கள் எத்தனை குடும்பங்களைக் காத்தன, எத்தனையைக் கெடுத்தன என்று கணக்கெடுக்க இனி வழியில்லை. விதானையாரும் ஒருவகையிற் சட்டத்தரணியே. ஆனால் அவர் அரசாங்கத்தின் ஆளும் ஊராரின் ஆளும் ஒருங்கே. அவரோடு பகை கொண்டவன் நிலை என்னவாகும்?

இக்கேள்விக்கு விடையாக ஒரு நாவல் உண்டு. யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றிய லெனாட் வூல்ப் என்ற ஆங்கில அதிகாரி, நாடு திரும்பி 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவல் அது. அதில் கிராமத் தலைவன் சோடித்த பொய்க் களவு வழக்கில் பபுன் என்ற ஏழை நீதிபதி முன் நிறுத்தப்படுகிறான். அவனுக்காகப் பேச எவரும் இல்லை. சாட்சியை விசாரிக்கக் கேள்வி உண்டா என்று கேட்கப்படும் பொழுது, அது என்ன கேள்வி, எதற்காக என்பதே அவனுக்கு விளங்கவில்லை. நீதிபதி கெட்டவரல்லர், ஐயமும் கொள்கிறார். எனினும் பபுன் சிறைக்குப் போகிறான். சிங்களக் கிராமமொன்றின் கதைதான். ஆனால் நீதிமன்றிலே தானே வழக்காட நின்ற எந்த அகதியும் அந்தப் பக்கத்தை வாசித்தாற் தன்னைக் காண்பார்.

அரசுக்கும் இப்பிரச்சினை தெரிந்தேயிருந்தது. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டத்தால் கிராமச் சபைகளும் கிராம நியாய மன்றுகளும் ஏற்படுத்தப்பட்டன. சிறு வழக்குகளை ஊருக்கு அண்மையில், ஊர் மொழியில், குறைந்த செலவில் தீர்ப்பதே நோக்கம். அங்கே பிறக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் தோன்ற இடமளிக்கப்படவில்லை. பட்டினத்து வழக்கறிஞரை வைத்திருப்பவன் வைத்திராதவனை விழுங்காதிருக்க இது ஒரு வழி என்று அதிகாரிகள் கருதினர். கருத்து நல்லதே. ஆயினும் பெரிய காணி வழக்கு வந்தால் மீண்டும் பட்டினத்துக்கே போகவேண்டியிருந்தது. பிற்காலத்துக் கிராமக் கோடுகளும், 1958 இல் வந்த இணக்கசபைகளும், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளும் இதே எண்ணத்தின் வழித்தோன்றல்கள். மத்தியஸ்த சபையிலும் கட்சிக்காரர் தாமே பேசவேண்டும். சட்டத்தரணி அவர்களுக்காகத் தோன்ற முடியாது. சிறு கடன், வேலித் தகராறு, வாய்ச்சண்டை ஆகியவற்றுக்கு இச்சபைகள் பெரும் பயன் தருகின்றன என்பதில் எமக்கு ஐயமில்லை. அரசு ஒருபுறமும் கமக்காரன் மறுபுறமுமாக நிற்கும் வழக்கில் அவற்றால் என்ன செய்ய முடியும்?

சட்டக் கல்விக் கழகம் 1874 இல் நிறுவப்பட்டது. அன்று தொட்டுச் சட்டம் பயில விரும்பியோர் கொழும்புக்கே சென்றனர். இது குறித்து நாம் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. எமது இனத்தின் தலைவர்களாக வந்தோரிற் பெரும்பாலோர் சட்டம் பயின்றவர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம் எனப் பட்டியல் நீளும். அவர்களது வாதத்திறமையை நாடே வியந்தது. அவர்களது தொழில் கொழும்பிலே நடந்தது. ஊரில் கெட்டிக்காரப் பிள்ளையை அப்புக்காத்தாக்குவது குடும்பத்தின் பெருமை; அப்பிள்ளை திரும்பி வந்து முல்லைத்தீவிலோ மன்னாரிலோ பலகை மாட்டுவதைப் பெருமையாக நினைத்த குடும்பங்கள் எத்தனை? பாராளுமன்றத்துக்கு வழக்கறிஞரை அனுப்பிய அளவுக்குக் கிராமத்துக்கு நாம் அனுப்பவில்லை.

1974 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பிறக்கிராசி, அப்புக்காத்து என்ற பேதம் ஒழிந்து யாவரும் சட்டத்தரணிகள் ஆயினர். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. வறியவருக்கு இலவசமாக வழக்காடும் கடமையை முதன்முதலாக ஒரு நிலையான அரச நிறுவனம் ஏற்றது. சரியான பாதையில் வைத்த அடியென்றே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்தே ஆண்டுகளில் 1983 வந்தது.

போர்க்காலத்தில் நேர்ந்ததை இவ்வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டோரும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் நடந்து வெளியேறிய வேளையில் பெட்டியிலே உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் சுற்றிக்கொண்டு வந்தோரும் இப்பத்திரிகையை வாசிப்போரில் உள்ளனர். வடமராட்சி கிழக்கிலோ 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. போர் விட்டுவைத்த கடதாசிகளை அலை கொண்டுபோயிற்று. அவ்வூர் மக்களிடம் 2025 இல் வந்து "ஆவணத்தைக் காட்டு" என்று கேட்கப்பட்டது.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தனது சொந்தச் சீதனக் காணியையே விற்பதற்கோ ஈடுவைப்பதற்கோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரித்து, மரபுரிமைக் கட்டளைச் சட்டம். கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றிடம் அனுமதி பெறலாமென்று அதே சட்டம் வழியும் வைத்திருக்கிறது. போர் முடிந்த பின் வன்னியிலே கணவன் எங்கேயென்று தெரியாத எத்தனையோ பெண்கள் இவ்வாசலில் வந்து நின்றனர். நீதிமன்று செல்லலாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மனுவை யார் எழுதுவது? கணவன் இறந்துவிட்டான் என்று பதிய மனம் ஒப்பாதவர்களுக்காக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு 2016 இலேதான் சட்டமாயிற்று. சட்டப் புத்தகத்திற் கதவு திறந்திருந்தும் கதவு இருப்பதே தெரியாமல் மதிலோரம் அமர்ந்திருக்கும் நிலைதான் சட்டத்தரணி இல்லாமை என்பது.

அதே 2016 இல் மற்றொரு சட்டமும் வந்தது. பிறர் காணியைப் பத்து ஆண்டுகள் தடையின்றி, தனதெனவே ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம் என்பது இலங்கையின் பழைய விதி. போரினால் இடம்பெயர்ந்து வழக்குத் தொடர இயலாதிருந்தோரின் காணிகள் இவ்வாறு பறிபோகாதிருக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் நிவாரணம் அளித்தது. 1983 மே முதலாம் திகதி தொடக்கம் 2009 மே 18 ஆம் திகதி வரையிலான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கிற் சேர்க்காது வழக்குத் தொடரலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள். மீண்டும் தவணை! இந்தச் சட்டத்தால் நேரடியாக நன்மை பெறக்கூடியவர்கள் புலம்பெயர்ந்த குடும்பங்களே. எமக்குத் தெரிந்த வட்டத்தில் இதைப் பற்றித் தவணைக்குள் அறிந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அறிந்து எழுதவேண்டிய கடமை எம்போன்ற பத்திரிகைகளுக்கும் இருந்தது. அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

2025 இல் நிகழ்ந்தது சற்று வேறு. சட்டத்தரணிகள் சிலர் பட்டினத்தில் வழக்காளிக்காகக் காத்திராமல் வடமராட்சி கிழக்குக்கு நேரிற் சென்றனர். மக்களிடமிருந்த கடதாசிகளைப் பார்த்து உரித்துக் கோரிக்கைகளை ஆயத்தம் செய்ய உதவினர். அதேவேளை கொழும்பிலே உயர் நீதிமன்றில் அறிவித்தலுக்கு எதிராக அடிப்படை உரிமை மனுவும் தாக்கலாயிற்று. தவணை முடியும் தறுவாயில், யூன் மாத இறுதியில், அறிவித்தலை நடைமுறைப்படுத்துவதைத் தடுத்து உயர் நீதிமன்று இடைக்கால உத்தரவு வழங்கியது. அறிவித்தலை மீளப்பெறுவதாக அரசாங்கமும் அறிவித்தது. ஒரு முறையேனும் சட்டத்தரணி தவணையை முந்தினார்.

இனி நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். ஊர்க்கதை இங்கு வந்தவுடன் முடிந்துவிட்டதென எண்ணுவது தவறு.

இந்நாட்டில் இலவசச் சட்ட உதவி நிலையம் என்ற ஒன்றைத் தோற்றுவித்தவர்கள் யார் தெரியுமா? இம்மண்ணின் பூர்வீக மக்கள். 1970 இல் சிட்னி ரெட்பேர்ணில், பொலிசாரின் தொல்லைக்கு ஆளான ஆதிக்குடி இளைஞர்கள் போல் கோ, காரி வில்லியம்ஸ், காரி போலி முதலியோர், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகச் சட்டப் பீடத்தின் முதற் பீடாதிபதி ஹல் வூட்டன் போன்றோரின் துணையுடன் ஆதிக்குடிகள் சட்ட சேவையை ஆரம்பித்தனர். தொண்டர் சட்டத்தரணிகள் முறைவைத்துப் பணி செய்தனர். கட்டணம் இல்லை. அம்மக்களே நிறுவனத்தை நடத்தினர். இச்சேவை பின்னர் நாட்டுப்புறத்துக்கும் பரவிற்று. அடுத்து 1972 இல் மெல்பேர்ண் பிற்ஸ்ரோயில் ஒரு நிலையம் எழுந்தது. 1987 இல் சிட்னியில் அகதிகளுக்கென்றே ஆலோசனை, வழக்குப்பணிச் சேவை ஒன்று தோன்றியது. எம்மவரில் பலரது கோவைகள் அங்கே எழுதப்பட்டவைதாம். நாம் ஏறிய ஏணியை முதலில் சாத்தியவர் யார் என்பதை எமது பிள்ளைகளும் அறிந்திருத்தல் நன்று.

2012 ஓகஸ்ட் 13 ஆம் திகதிக்கும் 2013 இறுதிக்கும் இடையில் படகில் வந்தோரின் கதை வேறு. 2014 மார்ச் 31 ஆம் திகதியுடன், அனுமதியின்றி வந்த புகலிடம் கோருவோரிற் பெரும்பாலோருக்கு அரசு வழங்கிவந்த விண்ணப்ப உதவி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் விரைவுப் பரிசீலனைச் சட்டம் நிறைவேறியது. விண்ணப்பமோ ஆங்கிலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட வினாக்களுடன். பின்னர் 2017 மே மாதத்தில் ஓர் அறிவித்தல்: இன்னும் விண்ணப்பியாத ஏறத்தாழ 7,500 பேர் ஒக்ரோபர் முதலாம் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்; தவறினால் வாய்ப்பில்லை. வடமராட்சி கிழக்கின் மூன்று மாதத்தையும் இந்த நான்கு மாதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தொண்டர் சட்டத்தரணிகள் இரவும் வார இறுதியும் பாராது எழுதினர். நகரில் இருந்தோர் வரிசையில் நின்றனர். நாட்டுப்புறத்திற் பழத்தோட்டத்திலும் இறைச்சித் தொழிற்சாலையிலும் நின்றோர் ஒரு நாட் சம்பளத்தை விட்டுப் பேருந்து ஏறினர்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய ஐந்தாண்டு விசா ஒன்று, அகதி நாட்டுப்புறத்தில் மூன்றரை ஆண்டு அரச கொடுப்பனவு பெறாது வேலை செய்தாலோ படித்தாலோ வேறு விசாக்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. ஆகவே சட்டமே அகதியைக் கிராமத்துக்கு அனுப்பியது. சட்டத்தரணியை எவரும் அனுப்பவில்லை. அந்த விசாவில் இருந்தோர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் வழி 2023 பெப்ரவரியில் திறந்தது. விரைவுப் பரிசீலனையில் மறுக்கப்பட்டவர்களுக்கு அக்கதவு திறக்கவில்லை என்பது அக்குடும்பங்கள் அறிந்த வேதனை. அவர்களில் எத்தனை பேரின் மறுப்பு, உதவியின்றி எழுதிய விண்ணப்பத்தின் குறையால் வந்தது?

குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா ஏறத்தாழ 6,000 பேர் வாழும் சிறு பட்டினம். பிறிஸ்பேணிலிருந்து 600 கிலோமீற்றர் அளவு தூரம். அங்கு வாழ்ந்த எமது குடும்பமொன்று 2018 மார்ச் மாதத்தில் விடியற் பொழுதிற் பிடித்துச் செல்லப்பட்டதை உலகறியும். 2019 ஓகஸ்டில் அவர்களை ஏற்றிய விமானம் மெல்பேர்ணிலிருந்து கிளம்பிய பின்னர், சட்டத்தரணிகள் இரவோடிரவாக நீதிபதியைத் தொலைபேசியில் அணுகித் தடையுத்தரவு பெற்றனர். விமானம் டார்வினில் இறங்கிற்று. 2022 யூனில் அக்குடும்பம் பிலோயிலாவுக்கே திரும்பியது; அவ்வாண்டு ஓகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. ஊர் மக்கள் திரண்டதை யாவரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்த இரவில் ஊர் திரண்டாலும் விமானம் திரும்பியிராது. தொலைபேசியின் மறுமுனையில் ஒரு சட்டத்தரணி விழித்திருந்தார்.

கிராமத்துக்குச் சட்டத்தரணியைக் கொண்டுவரப் பிற நாடுகளும் முயன்றுள்ளன. இந்தியா 2008 இல் கிராம நியாயாலயச் சட்டத்தை இயற்றி, நீதிபதியே கிராமத்துக்குச் செல்ல வழிவகுத்தது. மாநிலங்கள் பல அதனை அமைக்க ஆர்வம் காட்டவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 2013 இல் வேறு வழியை எடுத்தது. நாட்டுப்புற மாவட்டத்தில் ஐந்தாண்டு தொழில் நடத்த உடன்படும் சட்டத்தரணிக்கு ஆண்டுதோறும் 12,000 டொலருக்கு மேற்பட்ட தொகை. மாநிலம், மாவட்டம், சட்டத்தரணிகள் சங்கம் ஆகிய மூன்றும் அதைப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. வைத்தியருக்குச் செய்வதைச் சட்டத்தரணிக்கும் செய்தனர். எமக்கு இதிற் பிடித்தது, அந்த ஊரும் தன் பங்கைக் கொடுக்கிறது என்பதே. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோயிற் கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் இங்கிருந்து பணம் சேர்த்து அனுப்புகின்றன. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் இளம் சட்டத்தரணியின் மூன்றாண்டுச் செலவை ஏற்பது அக்கோபுரத்திலும் குறைந்த செலவாகவே இருக்கும். கல்வெட்டிற் பெயர் பொறிக்க முடியாது என்பதுதான் தடை.

அயலவருக்கு உதவ விரும்பும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்நாட்டில் விசா விடயத்தில் ஆலோசனை வழங்கச் சட்டத்தரணிக்கும் பதிவுபெற்ற குடிவரவு முகவருக்குமே பொதுவாக அனுமதி உண்டு. நல்லெண்ணத்தோடு சொல்லும் பிழையான புத்திமதி இருவரையும் சிக்கலில் மாட்டும். மொழிபெயர்ப்பதும், கடிதத்தை வாசித்துக் காட்டுவதும், கடைசி நாள் எதுவென்று வட்டமிட்டுக் கொடுப்பதும், சட்டத்தரணியிடம் கூட்டிச் செல்வதும் எவரும் செய்யலாம். பழைய பெட்டிசக்காரரின் பணியில் நல்ல பாதி அதுவே.

ஊர்க்காணி பற்றியும் ஒரு குறிப்பு. உறுதி தொலைந்தால் உரித்துத் தொலைந்தது என்று பலர் நம்பியிருக்கின்றனர். நொத்தாரிசு முடிக்கும் உறுதியில் மூலப்பிரதி உரியவருக்கு. ஒன்று அவரது கோவையில். இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. பதிவகத்தில் இருப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் தேடுவது இலகு. ஊரிலுள்ள முதியவர்கள் உயிரோடிருக்கையில் இம்மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 யூன் மாதத்தில் எமது வாசகியான அம்மா ஒருவர் அத்தகைய பிரதியொன்றைக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினார். எழுதிய நொத்தாரிசு காலமாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. அவரது கையெழுத்து அச்சுப் போல் இருந்தது. நாற்புறமும் எல்லை சொல்லி வந்தவர், வடக்கே இன்னாரின் காணி, தெற்கே ஒழுங்கை, மேற்கே பனங்கூடல் என்று எழுதி, கிழக்குக்கு வந்ததும் ஒரே சொல்லில் முடித்திருந்தார்: கடல். அம்மா அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, அந்த எல்லை மட்டும் மாறவில்லை என்றார்.